முதல் ஆட்டம் எது? பழைய ஜப்பானிய ஆர்.பி.ஜி.க்குள் நுழைபவருக்கு

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம்: 'க்ரோனோ ட்ரிகர்'. 1995 மார்ச் 11 அன்று ஜப்பானில் சூப்பர் ஃபேமிகாம் கருவிக்காக ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட கேம். இன்றைக்கு ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் கணினியிலும் முறையாகக் காசு கொடுத்து வாங்கி ஆடலாம். இருபது, இருபத்தைந்து மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். ஆர்.பி.ஜி. (ரோல் பிளேயிங் கேம், ஒரு பாத்திரமாக இருந்து ஆடுவது) வகையில் எதையும் தொட்டுப் பார்க்காத ஒருவர் பாதியில் போட்டுவிட்டுப் போகும் ஆபத்து இதில்தான் குறைவு.

அவசரக்காரர்கள் இத்தோடு ஆடப் போகலாம். ஏன் இது, மற்றவற்றில் என்ன குறை, இது பிடிக்காவிட்டால் வேறெது என்று கேட்பவர்களுக்குத்தான் மீதி அத்தியாயம்.

தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களிடம் ஜப்பானிய வீடியோ கேம் பற்றிக் கேட்டால் மரியோ, கான்ட்ரா, டாங்க், ரோடு ஃபைட்டர், சர்க்கஸ் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். எல்லாம் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்கு வந்தவை. அந்தக் கருவியை நகலெடுத்துச் செய்த மலிவுப் பெட்டிகள் 'டிவி கேம்' என்ற பெயரில் சிற்றூர்க் கடைகள் வரை வந்தன. ஆனால் அதே ஃபேமிகாமில் வந்த 'டிராகன் குவெஸ்ட்' பற்றியோ 'ஃபைனல் ஃபேன்டஸி' பற்றியோ கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். 1988-இல் 'டிராகன் குவெஸ்ட் 3' வெளியான நாளில் ஜப்பானியப் பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுக் கடை வாசலில் வரிசை கட்டினார்கள்; இங்கே அப்படி ஒன்று வந்த சுவடே இல்லை.

காரணம் பெரிய மர்மம் இல்லை. ஆர்.பி.ஜி. ஒரே மூச்சில் முடிகிற சங்கதி கிடையாது. நேற்று எங்கே விட்டோம் என்பதை கார்ட்ரிட்ஜ் நினைவில் வைத்திருக்க வேண்டும். அதற்கு உள்ளே ஒரு சின்ன பேட்டரி வேண்டும். '9999 இன் 1' என்று அட்டையில் அச்சடித்து மலிவாகத் தள்ளிவிட்ட கார்ட்ரிட்ஜில் பேட்டரிக்கு யார் செலவழிப்பார்கள்? போதாக்குறைக்குத் திரை முழுக்க ஜப்பானிய எழுத்து. செத்துச் செத்துப் பிழைத்து ஆடும் கான்ட்ராவுக்கு எழுத்தும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். அதனால் அது வந்தது, இது வரவில்லை.

பின்னால் வந்த தலைமுறைக்கு ஒரு பாலம் கிடைத்தது. போக்கிமான். தொலைக்காட்சியில் கார்ட்டூனாகப் பார்த்துவிட்டு, பிரவுசிங் சென்டர் கணினியிலோ அண்ணன் போனிலோ 'ஃபயர் ரெட்' ஆடிய பிள்ளைகள் ஏராளம். போக்கிமானும் அசல் ஜப்பானிய ஆர்.பி.ஜி.தான். ஊர் ஊராக நடப்பது, கண்ணில் பட்டவரிடமெல்லாம் பேசுவது, வழியில் சண்டை, 'நீ ஒரு அடி, நான் ஒரு அடி' என்று முறை வைத்து மோதுவது, அனுபவப் புள்ளி சேர்ந்து லெவல் ஏறுவது, ஏறிய தெம்பில் அடுத்த ஊருக்குப் போவது. இதுதான் மொத்த வித்தையும். போக்கிமான் ஆடி முடித்தவர் தன்னைப் புதியவர் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

ஜெகதளாக்காரர் கணக்கு

கேம் தேர்வு செய்வது பற்றிய பேச்சு பெரும்பாலும் 'எது சிறந்தது' என்ற வாதத்தில் போய் மாட்டிக்கொள்ளும். முதல் கேமுக்கு அந்தக் கேள்வி உதவாது. ஆடுகிறவர் எங்கே இருக்கிறார், எப்போது ஆடுவார் என்பதைப் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு நீலகிரியின் ஜெகதளாவை வைத்துக்கொள்வோம். குன்னூர் வட்டத்தில், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் பக்கத்துப் பேரூராட்சி. தேயிலைத் தோட்டங்களும் படுகர் ஊர்களும் சேர்ந்த இடம். இங்கிருந்து குன்னூருக்கோ ஊட்டிக்கோ படிக்கப் போகும் ஒரு கல்லூரிப் பெண்ணுக்குக் கிடைக்கும் நேரம் பஸ்ஸில் அரை மணி, இரவு சாப்பிட்ட பிறகு ஒரு மணி. ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கேயாவது மரம் சாய்ந்தால் கரண்ட் போகும். போனில் சிக்னல் ஒரு வளைவில் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. வீட்டில் பேசுவது படுகு, பள்ளியில் படித்தது தமிழ், கேமில் வரப்போவது ஆங்கிலம். அதாவது மூன்றாவது மொழி. இந்த வாழ்க்கைக்குள் எந்த கேம் பொருந்தும்?

முதலில் நேரம். மேட்டுப்பாளையத்தில் காலையில் கிளம்பும் மலை ரயில் 46 கிலோமீட்டர் ஏறி ஊட்டி சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுக்கும். அந்தக் கணக்கில் 'க்ரோனோ ட்ரிகர்' நாலைந்து ரயில் பயணம். 'ஃபைனல் ஃபேன்டஸி 6' ஏழெட்டு. 2000-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த 'டிராகன் குவெஸ்ட் 7' இருபது பயணத்துக்குக் குறையாது. அதில் முதல் சண்டை வருவதற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதை நேசிப்பவர்கள் அந்தக் காத்திருப்பையே அழகு என்பார்கள். இருக்கட்டும். முதல் கேமாக அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

அடுத்தது சேவ். 1986-இன் ஜப்பானிய 'டிராகன் குவெஸ்ட்'டில் பேட்டரியும் கிடையாது. ராஜாவிடம் போனால் இருபது எழுத்துள்ள ஒரு மந்திரத்தைக் கொடுப்பார். அதை நோட்டில் எழுதிவைத்து அடுத்த முறை அப்படியே உள்ளிட வேண்டும். ஒரு எழுத்து பிசகினால் உழைப்பெல்லாம் போச்சு. பிற்காலத்து கேம்களில் சேவ் செய்யத் தனி இடம் வந்தது: சத்திரம், கோயில், மின்னும் ஒரு புள்ளி. பஸ்ஸில் ஆடுகிறவருக்கும் கரண்ட் போகும் வீட்டுக்காரருக்கும் அதுகூடப் போதாது. நினைத்த இடத்தில் நிறுத்தும் வசதி வேண்டும். பழைய கேம்களின் போன் பதிப்புகளில் அது பெரும்பாலும் உண்டு. 'க்ரோனோ ட்ரிகர்' போன் பதிப்பு தானாகவே சேவ் செய்துகொள்கிறது.

மூன்றாவது, சண்டை எத்தனை அடிக்கு ஒன்று என்பது. பழைய ஆர்.பி.ஜி.களில் எதிரி கண்ணுக்குத் தெரியமாட்டான். நடந்துகொண்டே இருக்கும்போது திரை சுழலும், சண்டை தொடங்கிவிடும். ஏழு அடி நடந்தால் ஒன்று, இன்னும் நாலு அடியில் இன்னொன்று. புதியவர்கள் விட்டு ஓடுவது அநேகமாக இந்த இடத்தில்தான். கதை பிடித்திருக்கும், இசை பிடித்திருக்கும். குகையில் வழி தவறி அலையும்போது இருபதாவது தடவையாக அதே வௌவால் வந்தால் போனைத் தூக்கி வைத்துவிடுவார்கள். 'க்ரோனோ ட்ரிகர்'இல் எதிரிகள் நடமாடுவது கண்ணுக்குத் தெரியும். சிலரைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம், சிலர் புதருக்குள்ளிருந்து பாய்வார்கள். சண்டைக்கென்று தனித்திரையும் கிடையாது. நின்ற இடத்திலேயே வாளை உருவ வேண்டியதுதான்.

நான்காவது ஆங்கிலம். இதைப் பற்றி வெளிநாட்டுப் பரிந்துரைகள் எதுவும் பேசாது. அவற்றை எழுதுபவர்களுக்கு அது ஒரு சிக்கலே இல்லை. இங்கே அதுதான் முதல் சிக்கல். 'டிராகன் குவெஸ்ட் 4' நல்ல கேம், போனிலும் கிடைக்கிறது. ஆனால் அதன் புதிய ஆங்கில வடிவத்தில் முதல் அத்தியாயத்து ஆட்கள் ஸ்காட்லாந்துக் கொச்சையிலும், அடுத்த அத்தியாயத்து ஆட்கள் ரஷ்யச் சாயலிலும் பேசுவார்கள். சொற்களின் எழுத்தையே உடைத்துப் போட்டிருப்பார்கள். லண்டனில் வளர்ந்தவருக்கு அது வேடிக்கை. பாடப்புத்தக ஆங்கிலம் தெரிந்தவருக்கோ, படித்ததெல்லாம் மறந்துபோய்விட்டதோ என்று சந்தேகம் வந்துவிடும். 'க்ரோனோ ட்ரிகர்'இன் 1995 ஆங்கிலத்திலும் ஒரு தொல்லை இருந்தது: தவளை உருவில் வரும் வீரன் ஷேக்ஸ்பியர் காலத்து நடையில் பேசுவான். 2008-இல் நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்கு மறுபடி மொழிபெயர்த்தபோது அதை எடுத்துவிட்டார்கள். இப்போது போனிலும் கணினியிலும் கிடைப்பது அந்தப் புதிய ஆங்கிலத்தை ஒட்டியதுதான்.

அசலா, புதுப்பித்ததா?

பழைய கேம் என்றால் பழைய வடிவில்தான் ஆட வேண்டும் என்று ஒரு கட்சி உண்டு. அவர்களிடம் 1986-இன் 'டிராகன் குவெஸ்ட்'டை ஒரு மணி நேரம் ஆடிக் காட்டச் சொல்லலாம். அதில் நாயகன் எப்போதும் நம்மைப் பார்த்தபடியேதான் நடப்பான். ஒருவரிடம் பேச வேண்டுமானால் மெனுவைத் திறந்து 'பேசு' என்று தேர்ந்தெடுத்து, எந்தத் திசையில் என்றும் சொல்ல வேண்டும். மாடிப்படியில் ஏறுவதற்குக்கூட ஒரு தனிக் கட்டளை. 1987-இன் முதல் 'ஃபைனல் ஃபேன்டஸி'யில் மூன்று பேர் சேர்ந்து ஒரே எதிரியைக் குறிவைத்து, முதல் அடியிலேயே அவன் விழுந்துவிட்டால், மற்ற இருவரும் வெற்றுக் காற்றை வெட்டுவார்கள். அறிவுத்திறன் என்று ஒரு எண் திரையில் தெரியும். நிரலில் இருந்த பிழையால் அது எதற்கும் பயன்படவில்லை.

'டிராகன் குவெஸ்ட்'டை உருவாக்கிய யூஜி ஹோரியும் 'ஃபைனல் ஃபேன்டஸி'யை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சியும் மேதைகள்தான். மேற்கத்திய 'விசர்ட்ரி', 'அல்டிமா' கேம்களின் கடுங்கணக்கைச் சிறுவர்களுக்கும் புரியும்படி எளிமையாக்கியது ஹோரியின் சாதனை. ஆனால் சரித்திரம் படிப்பதும் விளையாடுவதும் வேறு வேறு வேலை. முதல் 'டிராகன் குவெஸ்ட்' மீது ஆசை இருந்தால் அதன் போன் பதிப்பை எடுக்கலாம். போனை நிமிர்த்திப் பிடித்து ஒரு கையாலேயே ஆடலாம், மறு கை பஸ் கம்பிக்கு. 'ஃபைனல் ஃபேன்டஸி'யின் முதல் ஆறு பாகங்களும் 2021, 2022-இல் 'பிக்சல் ரீமாஸ்டர்' என்ற பெயரில் புதுப்பிக்கப்பட்டன. 2023-இல் அவை கன்சோல்களுக்கு வந்தபோது திடீர்ச் சண்டைகளை நிறுத்திவைக்கும் பொத்தானையும் சேர்த்தார்கள். அதைப் பயன்படுத்துவது ஏமாற்று என்று சொல்பவர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஒரு திருவிழா, ஒரு வழக்கு

'க்ரோனோ ட்ரிகர்' எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது தகும். இதைச் செய்தவர்களின் பெயர்களே ஒரு விளம்பரம்: 'ஃபைனல் ஃபேன்டஸி'யின் சகாகுச்சி, 'டிராகன் குவெஸ்ட்'டின் ஹோரி, 'டிராகன் பால்' வரைந்த அகிரா டோரியாமா. போட்டி நிறுவனங்களின் தளபதிகள் ஒரே கூடாரத்தில். 2024 மார்ச்சில் டோரியாமா மறைந்தபோது டிராகன் பாலுக்காக வருந்திய பலருக்கு அவர் இதையும் வரைந்தவர் என்பது தெரிந்திருக்காது.

கதை கி.பி. 1000-இல் தொடங்குகிறது. அம்மா எழுப்பிவிடுகிறாள், ஊரில் ஆயிரமாவது ஆண்டுத் திருவிழா. நாயகன் க்ரோனோ போகிறான். அங்கே பாடும் ஒரு இயந்திர பொம்மையோடு மோதிப் பரிசுப் புள்ளி வாங்கலாம்; சண்டை எப்படி என்பதற்கு அதுவே பயிற்சி, தனிப் பாடம் எதுவும் கிடையாது. ஒரு பெண் ஓடிவந்து மோதிக் கீழே விழுகிறாள், அவள் பதக்கம் தெறிக்கிறது. முதலில் அவளை விசாரிப்பதா, பதக்கத்தை எடுப்பதா? ஒரு கிழவரின் சாப்பாட்டுப் பொட்டலம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. சின்னப் பெண்ணின் பூனை காணாமல் போயிருக்கிறது. ஆடுகிறவர் இதையெல்லாம் விளையாட்டாகச் செய்துவிட்டு மறந்துபோவார்.

இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து க்ரோனோவை நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். அப்போது சாட்சிகள் வருகிறார்கள். பொட்டலத்தைத் தின்றது யார்? பூனையைக் கொண்டுவந்து கொடுத்தது யார்? திருவிழாவில் செய்த ஒவ்வொன்றும் வழக்கில் வந்து நிற்கிறது. தீர்ப்பு எப்படிப் போனாலும் சிறைதான், அது வேறு கதை. ஆனால் 'இந்த உலகம் என்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறது' என்ற உணர்வு அதன்பின் போகாது. ஒரு ஆர்.பி.ஜி. என்ன செய்ய முடியும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் காட்சி இந்த வகையில் அபூர்வம்.

பிற்பகுதியில் ஒரு கிளைக்கதை. மலைக்காரர்களுக்கு அது கூடுதலாகப் பிடிக்கும் என்பதால் கொஞ்சம் உடைத்துச் சொல்வதில் தப்பில்லை. கி.பி. 600-இல் ஒரு பெண் காய்ந்து பாலையாகிப்போன நிலத்தில் மறுபடி காடு வளர்க்கப் போராடுகிறாள். ஒரு மனித ஆயுளில் முடியாத வேலை. கூட்டத்தில் இருக்கும் ரோபோ, 'நான் இருக்கிறேன்' என்று அங்கேயே தங்கிவிடுகிறது. மற்றவர்கள் காலப் பயணத்தில் 1000-ஆம் ஆண்டுக்குத் தாவினால் அவர்களுக்கு அது ஒரு நொடி. ரோபோவுக்கு நானூறு வருட உழவு. போய் இறங்கும்போது அங்கே காடு நிற்கிறது. சோலைக்காடு அழிந்த இடத்தில் அதை மீட்பது எத்தனை தலைமுறை வேலை என்று நீலகிரியில் இருப்பவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆடத் தொடங்கியதும் அமைப்புகளில் சண்டையை 'வெயிட்' முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மந்திரத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே எதிரி அடித்துக்கொண்டிருப்பான். மூன்றாம் மொழியில் மெனு படிப்பவருக்கு இது சலுகை இல்லை, அவசியம். மருந்தைச் சேர்த்துச் சேர்த்து வைத்துக் கடைசிவரை தொடாமல் இருப்பது புதியவர்களின் பொது வியாதி, தாராளமாகப் பயன்படுத்தலாம். வழி தெரியாமல் நின்றால் இணையத்தில் தேடுவதற்கு முன் ஊரில் எல்லோரிடமும் இன்னொரு முறை பேசிப் பார்க்கலாம். கதை நகர்ந்ததும் அவர்கள் பேச்சும் மாறியிருக்கும்.

வாங்குவது

எமுலேட்டரும் எங்கிருந்தோ இறக்கிய கோப்புமாக ஆடுவது இங்கே பழகிப்போன வழி. முறையான வழி இல்லாத காலத்தில் வந்த பழக்கம். இந்த கேமுக்கு முறையான வழி இருக்கிறது, அதில் திருத்தங்களும் சேர்ந்து வருகின்றன. 2018 பிப்ரவரியில் ஸ்டீம் இணையக் கடையில் கணினிப் பதிப்பு வந்தபோது எழுத்துருவும் மெனுவும் அசிங்கம் என்று ரசிகர்கள் காய்ச்சி எடுத்தார்கள். ஸ்கொயர் நிறுவனம் (இப்போது ஸ்கொயர் எனிக்ஸ்) அடுத்தடுத்த அப்டேட்டுகளில் சரிசெய்தது. பழைய விமர்சனத்தைப் படித்துப் பயப்பட வேண்டாம்.

ஸ்டீம் ரூபாயில் விலை காட்டும், அவ்வப்போது தள்ளுபடியும் வரும். வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கூகுள் பிளேயில் அந்தக் கெடு 48 மணி நேரம். 'க்ரோனோ ட்ரிகர்' பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள இரண்டு மணி நேரம் தாராளம். 'டிராகன் குவெஸ்ட் 7' போன்றவற்றுக்கு அந்த இரண்டு மணி நேரம் வாசலைத் தாண்டுவதற்கே காணாது. சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் இறக்கி ஒரு முறை திறந்து பார்த்துவிட்டால், பிறகு பஸ்ஸில் இணையம் இல்லாமல் ஆடலாம். மெனுவில் தேர்ந்தெடுத்து ஆடும் சண்டை என்பதால் தொடுதிரையே போதும். தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வாங்கக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

பிடித்துப்போனால்

அடுத்தது எது என்பது ஆளைப் பொறுத்தது. போக்கிமான் வழியாக வந்தவர் 'டிராகன் குவெஸ்ட் 5'க்குப் போகலாம். அடித்த அரக்கன் மனம் மாறி நம் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும் ஏற்பாடு இதில் 1992-இலேயே இருந்தது, போக்கிமானுக்கு நாலு வருடம் முன்பு. அதைவிடப் பெரிய விஷயம் கதை. அப்பாவின் கையைப் பிடித்து நடக்கும் சிறுவனாகத் தொடங்கி, வளர்ந்து, யாரைக் கல்யாணம் செய்வது என்று ஆடுகிறவரே முடிவெடுத்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையோடு சேர்ந்து போருக்குப் போக வேண்டும். நம் வீடுகளில் கேமே வேண்டாம் என்று சொல்லும் அம்மாவையும் கல்யாணக் கட்டத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிடும். ஆங்கிலக் கொச்சை இதிலும் அங்கங்கே உண்டு, நான்காம் பாகம் அளவுக்கு இல்லை.

நாடகத்தனம் பிடித்தவருக்கு 'ஃபைனல் ஃபேன்டஸி 6'. 14 பேர், தனி நாயகன் என்று யாரும் இல்லை. அரசியலும் கோட்டையும் பிடித்தவருக்கு 'சுய்கோடன்'. 108 பேரைத் தேடிப் பிடித்து ஒரு கோட்டையில் குடியேற்ற வேண்டும், முதல் பாகம் இருபது மணி நேரத்தில் முடியும். அதன் முதல் இரண்டு பாகங்களும் 2025 மார்ச்சில் புதுப்பித்து வந்திருக்கின்றன. முதலாவதன் சேவ் கோப்பை இரண்டாவதற்குக் கொண்டுபோகலாம் என்பதால் வரிசையாக ஆடுவதே நல்லது. 'ஃபைனல் ஃபேன்டஸி 7' மூன்றாவதாக வரட்டும். வரைந்த பின்னணிப் படங்களில் வழி எது, சுவர் எது என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் பழகிய கண் வேண்டும்.

இந்த கேம்களில் எங்காவது சிவா என்ற பெயரில் நீலநிறப் பெண் ஒருத்தி பனிப்புயல் வீசினால் திடுக்கிட வேண்டாம். 1990-இன் 'ஃபைனல் ஃபேன்டஸி 3' முதல் அவள் அப்படித்தான். ஜப்பானியர்கள் எல்லா நாட்டுப் புராணத்திலிருந்தும் பெயரை அள்ளிக்கொள்வார்கள், பொருத்தம் பார்ப்பதில்லை. பொருத்தம் பார்த்து அள்ளியதைக் காண விரும்பினால் அட்லஸ் நிறுவனம் 2004-இல் பிளேஸ்டேஷன் 2-க்குச் செய்த 'டிஜிட்டல் டெவில் சாகா' இருக்கிறது. அக்னி, வாயு, பிருத்வி என்று மனிதர்கள் உருமாறி ஒருவரையொருவர் தின்னும் கதை; அவர்கள் கற்கும் திறமைக்கு மந்திரம் என்றே பெயர். இருண்ட கேம், கடினமான கேம், திடீர்ச் சண்டை நிறைந்த கேம். நாலைந்து ஆர்.பி.ஜி. முடித்துக் கை தேர்ந்த பிறகு தொடலாம்.